பால்ஸ்டாப் வைத்த பாக்கி

லண்டன் பாலத்தைக் கடந்து வடகரையில் ஏறினால் கிங் வில்லியம் வீதி என்று ஓர் அகலமான சாலை வருகிறது. பாங்கி குமாஸ்தாக்கள் காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த் திசையிலும் வெள்ளமாகப் போகிற இடம். அந்தச் சாலையைப் போடுவதற்காக 1831-ல் இடித்துத் தள்ளிய கட்டடங்களில் ஒன்று, ஒரு காலத்தில் மதுக்கடையாக இருந்தது. போர்ஸ் ஹெட் என்று பெயர். பன்றித் தலை என்று தமிழில் சொன்னால் காதுக்கு அவ்வளவு இதமாக இல்லை. ஆனால் அர்த்தம் அதுதான். காட்டுப் பன்றியின் தலையைச் செதுக்கி வாசலில் அடையாளமாக வைத்திருந்தார்கள். கடை இருந்த தெருவுக்கு ஈஸ்ட்சீப் என்று பெயர். சீப் என்றால் பழைய இங்கிலீஷில் சந்தை. ஆக, கீழைச் சந்தை.

ஷேக்ஸ்பியரின் நாலாம் ஹென்றி நாடகத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கடை சொந்த ஊர்க் காப்பிக் கடை மாதிரி. பட்டத்து இளவரசன் ஹால் அரண்மனையை விட்டு இங்கேதான் வந்து கிடக்கிறான். அவனுக்குத் துணை சர் ஜான் பால்ஸ்டாப்: கிழவர், பெருத்த உடம்பு, வாய் திறந்தால் பொய், கை நீட்டினால் கடன். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும். இருநூறு வருஷத்துக்கு மேலாக ரஸிகர்கள் இந்தக் கடையைத் தேடிக்கொண்டு ஈஸ்ட்சீப்புக்குப் போயிருக்கிறார்கள். கோல்ட்ஸ்மித் போனார். வாஷிங்டன் இர்விங் போனார். அவர்கள் எதைத் தேடிப் போனார்கள், கண்ணெதிரே இருந்த எதைப் பார்க்காமல் திரும்பினார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால், கடை எவ்வளவு தூரம் நிஜம் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.

முதல் விசேஷம், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் போர்ஸ் ஹெட் என்ற பெயரையே சொல்லவில்லை. பாத்திரங்கள் 'ஈஸ்ட்சீப்பில் சந்திப்போம்' என்கிற ரீதியில் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் இளவரசன், கிழப் பன்றி இன்னும் பழைய பட்டியில்தான் தீனி தின்கிறதா என்று பால்ஸ்டாப்பைப் பற்றிக் கேட்கிறான். ஈஸ்ட்சீப்பில்தான், அதே இடத்தில்தான் என்று பதில் வருகிறது. அந்தத் தெருவில் பன்றித் தலைக் கடை ஒன்று உண்டென்று தெரிந்த லண்டன்வாசி இதைக் கேட்டுச் சிரித்திருப்பான். பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள் இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, காட்சியின் தலைப்பில் 'ஈஸ்ட்சீப்பில் போர்ஸ் ஹெட் விடுதி' என்று எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அச்சில் ஏறியது எல்லாம் ஆசிரியர் வாக்கு என்று நம்புகிற நமக்கு அது ஷேக்ஸ்பியர் எழுதியதாகவே ஆகிவிட்டது.

ஈஸ்ட்சீப் மதுக்கடை என்ற எண்ணமும் அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ஐந்தாம் ஹென்றியின் புகழ்மிக்க வெற்றிகள் என்று பொருள்படும் பெயரில் ஒரு பழைய நாடகம் 1598-ல் அச்சாகியிருக்கிறது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே மேடையில் ஆடியது. அதிலேயே இளவரசன் தன் சகாக்களை ஈஸ்ட்சீப்பில் உள்ள பழைய மதுக்கடைக்குத்தான் கூப்பிடுகிறான். கரடுமுரடான நாடகம். ஷேக்ஸ்பியர் அதிலிருந்து இடத்தை எடுத்துக்கொண்டார். ஆட்களைத் தாமே கொண்டு வந்தார்.

இனி சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நாலாம் ஹென்றி ஆண்டது 1399 முதல் 1413 வரை. அந்தக் காலத்து ஈஸ்ட்சீப்பைப் பற்றி விஷயம் தெரிந்த ஒரே மனிதர் ஜான் ஸ்டோ. தையல்காரர். வயிற்றுப் பிழைப்புக்கு ஊசி, மனசுக்கு லண்டன் நகரத்தின் பழைய காகிதங்கள் என்று வாழ்ந்தவர். அவர் எழுதிய லண்டன் நகர வர்ணனை 1598-ல் வெளிவந்தது. ஈஸ்ட்சீப் தெருவில் இரு பக்கமும் கசாப்புக்காரர்கள், அவர்களை ஒட்டிச் சமையல் கடைக்காரர்கள் என்கிறார். முற்காலத்தில் நாலு சிநேகிதர்கள் கூடிச் சந்தோஷமாக இருக்க நினைத்தால் மதுக்கடைக்குப் போக மாட்டார்களாம். சமையல் கடைக்குப் போய் வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்களாம். இதற்கு உதாரணமாக ஒரு சம்பவம் சொல்கிறார். 1410-ல், ஜூன் மாதம், புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவு, ராஜாவின் பிள்ளைகள் இருவர் ஈஸ்ட்சீப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடு நிசி தாண்டிவிட்டது. அவர்களுடைய ஆட்களுக்கும் அரண்மனையைச் சேர்ந்த வேறு சிலருக்கும் கைகலப்பு. ஒரு மணி நேரம் நடந்தது. மேயரும் நகரத்தாரும் வந்து அடக்கினார்கள். அடக்கியதற்காக மேயரே ராஜாவிடம் போய்ப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிரதம நீதிபதி கேஸ்காயின், ராஜாவின் காலில் விழுந்துவிடுங்கள் என்று அவர்களுக்கு யோசனை சொன்னாராம். நாங்கள் எங்கள் கடமையைத்தான் செய்தோம் என்று அவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். ராஜா ஏற்றுக்கொண்டார்.

இந்தச் சம்பவத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஸ்டோ ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருக்கிறார்: அப்போது ஈஸ்ட்சீப்பில் மதுக்கடையே கிடையாது என்று. அவர் புஸ்தகமும் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் முதல் பாகமும் அச்சானது ஒரே வருஷத்தில். ஊர் முழுதும் பால்ஸ்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஏழைத் தையல்காரர் புஸ்தக ஓரத்தில் இப்படி முணுமுணுத்திருக்கிறார். சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரி வாசகர்கள் எக்காலத்திலும் உண்டு. எனக்கு அவர்களிடம் மரியாதைதான்.

ஆனால் ஸ்டோவின் சம்பவத்தில் இதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? ஹால் இல்லை. அவனுடைய தம்பிகள் தாமஸும் ஜானும். நாடகத்தில் இந்த ஜான் எப்படி வருகிறான் தெரியுமா? சிரிக்காதவன், குடிக்காதவன், ரத்தத்தில் சூடில்லாதவன். அவனைப் பார்த்துவிட்டுத்தான் பால்ஸ்டாப் மதுவின் மகிமையைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கமே செய்கிறார். ஈஸ்ட்சீப்பில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததாக ஊர்க் கணக்கில் பதிவான பையனை ஷேக்ஸ்பியர் பச்சைத் தண்ணீர்ப் பேர்வழி ஆக்கிவிட்டார். அண்ணனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதுகிறவனுக்கு ஒரு வீட்டில் எந்தப் பிள்ளை கெட்டுப்போக வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை உண்டு.

போர்ஸ் ஹெட் மதுக்கடை 1537 வாக்கில் ஈஸ்ட்சீப்பில் இருந்ததென்பது தெரிகிறது. ஆகவே ஷேக்ஸ்பியர் லண்டனுக்கு வந்தபோது அது பழைய கடை. நாடகத்தை மண்ணைத் தோண்டுவது போலத் தோண்டினால், 1400-ஐச் சேர்ந்த தளத்தில் 1590-களின் பாண்டங்கள் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். பால்ஸ்டாப் மொடா மொடாவாகக் குடிக்கிற சாக் என்ற ஸ்பெயின் தேசத்து ஒயினுக்கு அந்தப் பெயரே 16-ஆம் நூற்றாண்டில்தான் இங்கிலீஷில் வழங்க ஆரம்பித்தது. அதில் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். கடைப் பையன் ஒரு பென்னி சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் திணிப்பான். அறைகளுக்குப் பாதி நிலா, மாதுளை, டால்பின் என்று பெயர்கள். சர்வர்கள் ஓடி ஓடி, எந்த அறையில் என்ன போயிற்று என்று எழுதி வைக்கிறார்கள். இது ஷேக்ஸ்பியர் தாமே போய் உட்கார்ந்து பார்த்த கடைகளின் நடைமுறை.

நம்மவர்கள் சாராயக்கடை என்றதும் ஒரே மாதிரியாக நினைத்துவிடுவோம். அந்தக் காலத்து லண்டனில் மூன்று வகை உண்டு. இன் என்றால் படுக்க இடம், குதிரைக்கு லாயம். நம் சத்திரத்தோடு ஒப்பிடலாம், காசு மட்டும் கொடுக்க வேண்டும். ஏல் ஹவுஸ் என்றால் பீர். குடித்தனக்காரி தன் வீட்டு முன்னறையிலேயே வைத்து நடத்துவாள், கூலிக்காரர்கள் வருவார்கள். டாவர்ன் என்பது ஒயின் விற்கிற இடம். ஒயின் கப்பலில் வர வேண்டும், விலை ஜாஸ்தி. ஆகவே டாவர்ன் நடத்த முதல் வேண்டும். வருகிறவர்களும் கனவான்களாக இருப்பார்கள். கனவான்கள் கையில் ரொக்கம் வைத்துக்கொள்வதில்லை என்பது உலகறிந்த சங்கதி. டாவர்ன்காரியின் தொந்தரவெல்லாம் அங்கே ஆரம்பிக்கிறது.

அந்த டாவர்ன்காரிதான் க்விக்லி அம்மாள். இனிமேல் நான் சொல்வதெல்லாம் அவளைப் பற்றித்தான்.

முதல் பாகத்தில் பால்ஸ்டாப் திரைக்குப் பின்னால் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அவர் பையைச் சோதிக்கிறார்கள். அகப்படுவது சில காகிதங்கள். அவற்றில் ஒன்று கடை பில். கோழிக்கு 2 ஷில்லிங் 2 பென்ஸ், குழம்புக்கு 4 பென்ஸ், சாக் 2 காலன் 5 ஷில்லிங் 8 பென்ஸ், சாப்பாட்டுக்குப் பிறகு நெத்திலியும் இன்னும் கொஞ்சம் சாக்கும் 2 ஷில்லிங் 6 பென்ஸ், கடைசியில் ரொட்டி அரைப் பென்னி. அரைப் பென்னி ரொட்டிக்கு இவ்வளவு சாக்கா என்று இளவரசன் சிரிக்கிறான். நானூறு வருஷத்துக்கு மேலாகத் தியேட்டரிலும் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள். கல்லூரிகளில் ஆசிரியர்கள் இந்த ஹாஸ்யத்தை விளக்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள். பில் பால்ஸ்டாப்பின் பையில் ஏன் இருக்கிறது, அந்தப் பணம் கொடுக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கிறவள் க்விக்லி அம்மாள் ஒருத்திதான். மறுநாள் அவர் எழுந்து, உன் கடையில் என் பையில் இருந்ததைத் திருடிவிட்டார்கள், தாத்தாவின் முத்திரை மோதிரம் போயிற்று என்று கத்துகிறார். அவள் பதிலுக்குக் கணக்கை எடுக்கிறாள்: சாப்பாடு, இடையிடையே குடித்தது, கைமாற்று எல்லாம் சேர்த்து 24 பவுன். அதோடு ஒரு டஜன் சட்டையும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதே காலத்தில் ஸ்ட்ராட்போர்டு பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு வருஷச் சம்பளம் 20 பவுன். ஒரு வாத்தியார் குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடுகிற பணத்துக்கு மேல் அந்த மனிதர் அவளிடம் பாக்கி. அந்தக் காட்சி எப்படி முடிகிறது? பையைத் துழாவியது தானே என்று இளவரசன் ஒப்புக்கொள்கிறான். உடனே பால்ஸ்டாப் க்விக்லி அம்மாளைப் பார்த்துப் பெருந்தன்மையாக, போ, உன்னை மன்னித்தேன் என்கிறார்! காலை உணவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அனுப்புகிறார். அவளும் போகிறாள்.

இரண்டாம் பாகம் தொடங்கும்போது பாக்கி 100 மார்க்காக வளர்ந்திருக்கிறது. மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ். ஏறக்குறைய 67 பவுன் ஆகிறது. அவள் இரண்டு சேவகர்களை வைத்து அவரைக் கைது செய்யப் பார்க்கிறாள். தெருவில் கூச்சல். பிரதம நீதிபதி வருகிறார். ஸ்டோவின் சம்பவத்தில் மேயருக்கு யோசனை சொன்ன அதே நீதிபதிதான், ஈஸ்ட்சீப் வழக்குக்காக மறுபடியும் ஆஜர்! அவரிடம் க்விக்லி அம்மாள் தன் வழக்கைச் சொல்கிறாள். அவளிடம் பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. இருப்பது ஞாபகம் மட்டும். என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சத்தியம் செய்தாய் என்கிறாள். எந்தக் கிண்ணத்தின் மேல் கை வைத்து? பாதிப் பொன்முலாம் பூசிய கிண்ணம். எங்கே? டால்பின் அறையில், வட்ட மேஜையில், நிலக்கரி அடுப்பின் அருகே. எப்போது? இன்ன வாரத்தில் புதன்கிழமை. அன்றைக்கு என்ன விசேஷம்? ராஜாவைப் பற்றிக் கேலி பேசியதற்காக இளவரசன் உன் மண்டையை உடைத்த நாள்; நான் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். சாட்சி யார்? கசாப்புக்காரர் பெண்டாட்டி கீச். இறால் சமைத்திருக்கிறேன், கொஞ்சம் காடி கொடு என்று கேட்டுக்கொண்டு வந்தாளே, உனக்குக்கூட இறால் சாப்பிட ஆசை வந்ததே, பச்சைக் காயத்துக்கு ஆகாது என்று நான் தடுத்தேனே. அவள் போன பிறகு என்னை முத்தமிட்டு, 30 ஷில்லிங் எடுத்துவா என்றாயே!

இந்தப் பேச்சை ஹாஸ்யம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். படிப்பில்லாத பெண்பிள்ளை சம்பந்தமில்லாததை எல்லாம் அடுக்குகிறாளாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்து மூலம் எதுவும் இல்லாத ஒரு பெண், சாமான்களை வைத்தே ஒரு பத்திரம் எழுதுகிறாள். கிண்ணம், மேஜை, அடுப்பு, இறால், காடி. பொய் சொல்கிறவனுக்குக் காடி ஞாபகம் வராது. கதை எழுதிப் பிழைக்கிற எவனும் இந்த ஒரு பேச்சைப் பத்துத் தடவை படிக்கலாம். ஓர் அறையை, ஒரு தெருவை, ஒரு வாழ்நாள் ஏமாற்றத்தை இவ்வளவு குறைந்த இடத்தில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. கசாப்புக்காரர் பெண்டாட்டி அண்டை வீட்டிலிருந்து வருகிறாள் என்பதைக் கவனியுங்கள். ஈஸ்ட்சீப் கசாப்புக்காரர் தெரு என்று ஸ்டோ சொன்னாரே, அது காடி கேட்கிற சாக்கில் நாடகத்துக்குள் நுழைந்துவிட்டது.

நீதிபதி நியாயமாகத்தான் தீர்ப்புச் சொல்கிறார்: பணத்தைக் கொடு, அவளுக்குச் செய்த அநியாயத்தையும் சரிசெய். பால்ஸ்டாப் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போகிறார். இரண்டு நிமிஷம். திரும்பி வரும்போது வழக்கு வாபஸ். அதற்குமேல், அவள் புதிதாக 10 பவுன் கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறாள்! எங்கிருந்து தருவாள்? வெள்ளிப் பாத்திரங்களையும் சாப்பாட்டு அறைகளில் தொங்குகிற நெய்த திரைகளையும் அடகு வைக்க வேண்டும் என்கிறாள். அதனால் என்ன, கண்ணாடிக் குவளையில் குடிப்பதுதான் இப்போது நாகரிகம் என்று அவர் தேறுதல் சொல்கிறார். கட்டியிருக்கிற கௌனை அடகு வைத்தாவது தருகிறேன் என்று சொல்லிவிட்டு, ராத்திரி சாப்பிட வருவாயா என்று கேட்கிறாள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஈஸ்ட்சீப்புக்குப் போன ரஸிகர்களைப் பார்க்கலாம்.

1666 செப்டம்பரில் லண்டன் தீப்பிடித்தது. தீ தொடங்கிய புட்டிங் சந்து ஈஸ்ட்சீப்புக்கு மிகவும் பக்கம். ஷேக்ஸ்பியர் காலத்துக் கடை சாம்பலாயிற்று. 1668-ல் அதே இடத்தில் புதிதாகக் கட்டி, பன்றித் தலையைக் கல்லில் செதுக்கி, வருஷத்தையும் பொறித்து முகப்பில் பதித்தார்கள். 1760-ல் கோல்ட்ஸ்மித் இங்கே உட்கார்ந்து கனவு கண்டதாக ஒரு கட்டுரை எழுதினார். பால்ஸ்டாப் ஹாஸ்யம் பேசிய அதே அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார். அந்த அறைக்கு அப்போது வயது 92. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. கனவில் க்விக்லி அம்மாளே வந்து கடையின் கதையைச் சொல்கிறாள். பழைய காலம் ஒன்றும் நம் காலத்தைவிட உயர்ந்ததல்ல என்று கோல்ட்ஸ்மித்துக்குத் தெளிவு பிறக்கிறது. நல்ல கட்டுரைதான். அவளைப் பேசவிட்டதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அவளை ஊர்க் கதை சொல்ல வைத்தாரே தவிர, அவள் கதையைச் சொல்ல வைக்கவில்லை.

பாஸ்வெல் இன்னொரு செய்தி தருகிறார். ஈஸ்ட்சீப் போர்ஸ் ஹெட்டில் ஒரு சங்கம் கூடியதாம். அங்கத்தினர்கள் ஆளுக்கொரு ஷேக்ஸ்பியர் பாத்திரமாகப் பெயர் வைத்துக்கொள்வார்களாம். ஒருவர் பால்ஸ்டாப், ஒருவர் இளவரசர், ஒருவர் பார்டால்ப். அதில் சேர வேண்டாம் என்று டாக்டர் ஜான்ஸன் அவருக்குப் புத்தி சொன்னார். அந்தச் சங்கத்தில் க்விக்லி அம்மாளாக இருக்க யார் முன்வந்தார்களோ! பில்லை மட்டும் உண்மையான கடைக்காரன் ஒருவன் கொண்டுவந்து நீட்டியிருப்பான்.

அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங் போனபோது கடை கடையாக இல்லை. இரண்டு வீடுகளாகப் பிரிந்து, நடுச் சுவரில் அந்தக் கல் பன்றி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் 1819, 1820-ல் வெளியிட்ட ஸ்கெட்ச் புக்கில் இதைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சி என்று துணைத் தலைப்பு. பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர்களைக் கிண்டல் செய்கிற எழுத்து. எதிர்ச் சாரியில் மெழுகுவத்தி வியாபாரியின் விதவையை விசாரிக்கிறார், சர்ச் பணியாளனைப் பிடிக்கிறார், கடைசியில் பக்கத்துச் சந்தில் வேறொரு மதுக்கடையில், சர்ச்சுக்குச் சொந்தமான ஒரு பழைய கிண்ணத்தைக் காட்டுகிறார்கள். இர்விங்குக்கு ஆனந்தம். பால்ஸ்டாப் சத்தியம் செய்த அந்தப் பொன்முலாம் கிண்ணம் இதுதான் என்று விளையாட்டாகப் பிரகடனம் செய்கிறார்.

விளையாட்டுத்தான். ரசிக்கும்படியான விளையாட்டு. ஆனால் இங்கேதான் எனக்கு இர்விங்கோடு சண்டை. அந்தக் கிண்ணம் நாடகத்தில் எதற்காக வருகிறது? அது உல்லாசத்தின் சின்னம் அல்ல. கடன் வழக்கில் வாதி கோர்ட்டில் காட்டுகிற சாட்சிப் பொருள். அதைத் தூக்கிப் பிடித்துப் பழைய சந்தோஷத்தின் நினைவுச் சின்னம் என்று கொண்டாடுவது, பிரதிவாதியின் பக்கம் சேர்ந்துகொள்வது போல. தவிரவும், நாடகத்தைக் கவனமாகப் படித்தவர் அந்தக் கிண்ணத்தைச் சர்ச் உக்கிராணத்தில் தேட மாட்டார். வெள்ளிப் பாத்திரம் எல்லாம் 10 பவுனுக்காக அடகுக் கடைக்குப் போவதாகப் பேச்சு முடிந்துவிட்டதே.

அதே கட்டுரையில் இர்விங் எழுதியிருக்கிற இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. கோணல் சந்திலிருந்த புனித மைக்கேல் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சமாதிக் கல். ராபர்ட் பிரஸ்டன், போர்ஸ் ஹெட் கடையில் சர்வர், 1730-ல் இறந்தபோது வயது 27. நிறைந்த பீப்பாய்களுக்கு நடுவில் வளர்ந்தும் குடிக்காதவன் என்று கல்லில் செய்யுள் பொறித்திருக்கிறார்கள். நல்ல ஒயினாக ஊற்றுவானாம், குவளையை நிறைய ஊற்றுவானாம். மற்ற சர்வர்களும் அளவிலும் கவனிப்பிலும் பாபைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று முடிகிறது. இர்விங்குக்கு இதுவும் ஒரு சிரிப்பு. நாடகத்தில் பிரான்சிஸ் என்று ஒரு சர்வர் பையன் வருகிறான். இளவரசன் இந்த அறையிலிருந்தும் அவன் கூட்டாளி அந்த அறையிலிருந்தும் மாறி மாறிக் கூப்பிட்டு அவனை அலைக்கழிக்கிறார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது பாவம். ஓடிப்போக ஆசை, பயம். வாயைத் திறந்தால் பில்தான் வரும் என்று அவனைப் பற்றி இளவரசனுக்கு ஏளனம். பிரான்சிஸ் கற்பனை. பாப் பிரஸ்டன் நிஜம். ராஜகுமாரர்கள் வந்ததாகச் சொல்லப்படுகிற கடையில், நடமாடியதாகக் கல்லில் எழுதி நிச்சயப்பட்ட பெயர் ஒரு சர்வருடையது. சர்ச்சையும் 1831-ல் இடித்தார்கள். கல்லை ஆற்றோரத்தில் உள்ள புனித மேக்னஸ் சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள்.

இவ்வளவும் எதற்காக இடிபட்டது? புதிய லண்டன் பாலத்துக்கு வழிவிட. அந்தப் பாலமும் நிலைக்கவில்லை. 1968-ல் அதை ஓர் அமெரிக்கருக்கு விற்றுவிட்டார்கள். கற்களை எண் போட்டுக் கழற்றிக் கப்பலேற்றி, 1971-ல் அரிஸோனா பாலைவனத்தில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். கடை இருந்த இடத்தருகே 1844-ல் நாலாம் வில்லியமின் சிலையை வைத்தார்கள். அதையும் 1930-களில் கிரீனிச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். கல் பன்றி மட்டும் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. அது 1668-ஆம் வருஷத்துப் பன்றி. பால்ஸ்டாப்பைப் படைத்தவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தது.

லண்டனில் பன்றித் தலைக் கடை ஒன்றல்ல. பால்ஸ்டாப் என்ற பெயருக்கு மூலமான சர் ஜான் பாஸ்டல்ப் என்ற நிஜப் போர்வீரருக்குச் சொந்தமாக ஆற்றுக்குத் தென்கரையில் ஸதர்க்கில் ஒரு போர்ஸ் ஹெட் இருந்தது. ஆல்ட்கேட் வாயிலுக்கு வெளியே இன்னொன்று. அதன் முற்றத்தை 1598-ல் நாடகக் கொட்டகையாக்கினார்கள். 2019-ல் அந்த இடத்தில் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள். ஈஸ்ட்சீப்பில் அப்படித் தோண்ட ஒன்றுமில்லை. நெருப்பும் சாலையும் மேலாகவும் கீழாகவும் வேலையை முடித்துவிட்டன. மிச்சம் இருக்கிற ஒரே டால்பின் அறை க்விக்லி அம்மாள் நீதிபதியிடம் சொன்னதுதான். அது கடன் கேட்டுச் சொன்ன பேச்சு என்பதை மறந்துவிட்டு அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பில் கொடுக்காமல் போகிறவர்கள்.

ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் அவளைக் கடைசியாகப் பார்க்கிறோம். இப்போது அவள் பிஸ்டல் என்ற வாய்ச்சவடால்காரனின் மனைவி. பால்ஸ்டாப் இறந்துபோய்விட்டார். ராஜாவாகிவிட்ட ஹால் எட்டிப் பார்க்கவில்லை. கூட இருந்தவள் அவள்தான். போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாளாம், கல் மாதிரி சில்லிட்டிருந்ததாம். அவர் நல்ல கதிக்குத்தான் போயிருப்பார் என்று அடித்துச் சொல்கிறாள். 100 மார்க்கைப் பற்றி, அடகு போன வெள்ளியைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. ஆண்பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில் சண்டைக்குக் கிளம்புகிறார்கள். பிஸ்டல் மட்டும் திரும்பி நின்று, சாமான்களைப் பார்த்துக்கொள், யாரையும் நம்பாதே, இனிமேல் ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.